டெய்லர் பொண்டாட்டியும் ஸ்கிப்பிங் கயிறும்

சண்டைக்கு வரலை தங்கச்சி. அந்தக் கத்திரிக்கோலைக் கீழ வைங்க மொதல்ல. இல்லை இல்லை, சும்மா சொன்னேன், வெட்டிக்கிட்டே கேளுங்க. பாதியில நிறுத்தினா துணி கோணிரும். எதிர்த்தாப்புல கடை வச்சிருக்கிறவன், நீங்க கடை திறந்த நாள்லருந்து உங்க படியில கால் வைக்காதவன், இன்னைக்கு மத்தியானம் தெருவுல ஆள் இல்லாத நேரமாப் பாத்து உள்ள வர்றான்னா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். பயப்படாதீங்க. இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிடட்டுமா?

ஒரே ஒரு விசயம் எனக்குத் தெரியணும். தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவேன். எங்க வீட்டுக்காரி சுப்புத்தாய் போன வாரம் உங்ககிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்கா. எனக்கு எப்படித் தெரியும்னா? தெருவே பாத்துச்சே! வெயில்முத்து டெய்லர் பொண்டாட்டி கையில துணியோட புருசன் கடைப் படியில இறங்கி, ரோட்டைக் கடந்து, ஜெபக்கனி கடைக்குள்ள, அதான் உங்க கடைக்குள்ள போறா. டீக்கடையில இருந்தவன்லாம் தம்ளரைப் பாதியில பிடிச்சுக்கிட்டுப் பாத்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "என்ன டெய்லரே, மிட்டாய்க் கடைக்காரன் பொண்டாட்டி அடுத்த கடையில மிட்டாய் வாங்குறா"ன்னு ஒருத்தன் கேட்டான். நானும் சிரிச்சேன். வேறென்ன செய்ய?

அது போகட்டும். மானம் போனாப் போகுது. எனக்கு வேண்டியது அவளோட அளவு. நீங்க டேப்பு வச்சு எடுத்தீங்கள்ல, அது. கூடியிருக்கா குறைஞ்சிருக்கா, அம்புட்டுத்தான். கூடியிருந்தா அவ பொழைச்சுக்கிட்டான்னு அர்த்தம். கூடலைன்னா... அதைத்தான் தெரிஞ்சுக்கிடணும்னு வந்தேன்.

"உங்க வீட்டுல இருக்கிறவங்ககிட்ட நீங்களே கேக்கலாமே அண்ணே"ன்னுதான சொல்ல வர்றீங்க? கேட்டேன் தங்கச்சி. அவ என்ன சொன்னான்னு சொல்றேன். ஆனா அதுக்கு ஆதியிலருந்து சொல்லணும். ஆதின்னா, கோவிச்சுக்கிடாதீங்க, உங்க பொம்மைதான் ஆதி.

கண்ணாடிக்குள்ள தலையில்லாம நிக்குதே, அதேதான். அதுக்குப் பின்னால நீங்க ஜாக்கெட்டைக் குண்டூசி குத்தி இழுத்துப் பிடிச்சிருக்கிறது எனக்குத் தெரியும். தொழில் தெரிஞ்சவனுக்குத் தெரியும். தைக்கக் குடுக்க வர்ற பொம்பளைகளுக்குத் தெரியுமா? எங்க கடையில பொம்மை கிடையாது. எங்க கடைக்குப் பொம்மை சுப்புத்தாய்தான். கல்யாணமாகி வந்த நாள்லருந்து அவ வாசல்ல உக்காந்து ஹெம்மிங் அடிப்பா, கொக்கி தைப்பா. நான் புதுசா என்ன மாடல் வெட்டினாலும் மொத ஜாக்கெட் அவளுக்குத்தான். வர்றவங்க அவ தோளைப் பாப்பாங்க, கழுத்தைப் பாப்பாங்க, "எனக்கும் இதே மாதிரி"ன்னு துணியைக் குடுத்துட்டுப் போவாங்க. விளம்பரப் பலகைகூட நான் எழுதி வச்சதில்லை.

மக பிறந்ததுக்கப்புறம் சதை போட்டா. மகளைத் திருப்பூர்ல கட்டிக் குடுத்துட்டு வீட்டுல உக்காந்ததும் இன்னும் போட்டா. போட்டா என்ன, நான் தைக்காத உடம்பா? ஆனா உங்க பொம்மை வந்துச்சா. காலேஜுப் பிள்ளை ஒண்ணு துணியோட எங்க படி ஏறிச்சு. ஏறி, சுப்புத்தாயைப் பாத்துட்டு, ரோட்டுக்கு அங்கிட்டு கையைக் காட்டி, "இவங்க போட்டிருக்கிற மாதிரி இல்லண்ணே, அந்தப் பொம்மைக்கு இருக்கிற மாதிரி வேணும்"னுச்சு. எனக்குச் சுருக்குன்னு போச்சு. அவ என்ன செஞ்சா தெரியுமா? சிரிச்சா. "அதுக்குத் தலை இல்லையே பாப்பா, சோறு திங்க வாயில்ல, அதான் இளைச்சுக் கிடக்கு"ன்னா. அந்தப் பிள்ளையும் சிரிச்சிருச்சு. அப்படித்தான் பேசுவா அவ. அப்ப.

எனக்குச் சிரிப்பு வரலை. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

கேர்ள்ஸ் ஸ்கூல் பி.டி. டீச்சர் என் கஸ்டமர். உங்களுக்கும் தெரியும், கையில எப்பவும் விசிலு வச்சிருப்பாங்க. சுடிதார் வாங்க வந்தப்ப கேட்டேன், "டீச்சர், ஒரு பொம்பளை சீக்கிரமா இளைக்கணும்னா என்ன வழி?" "ஸ்கிப்பிங் ஆடச் சொல்லுங்கண்ணே, அதைவிட நல்ல பயிற்சி இல்லை. காலு, கையி, வயிறு, தோளு எல்லாத்துக்கும் ஒண்ணா வேலை"ன்னாங்க. குதிகால் தரையில படக் கூடாது, முன்னங்கால்லதான் குதிக்கணும், சிமெண்டுத் தரை ஆகாது, உயரமாக் குதிக்க வேண்டாம், கயிறு போற அளவு குதிச்சாப் போதும், மூச்சு வாங்கினா நின்னு நடந்துட்டு மறுபடி ஆரம்பிக்கணும். எல்லாம் சொன்னாங்க. "மொதல்ல ஒருக்க டாக்டர்கிட்டக் காட்டி சுகரு, பிரசரு, ரத்தம் எல்லாம் பாத்துக்கிட்டு ஆரம்பிங்க"ன்னும் சொன்னாங்க. பாக்கலாம்னுதான் இருந்தேன். தீபாவளித் தையல் வந்துருச்சு. உங்களுக்குத் தெரியாதா தீபாவளித் தையல் எப்படி இருக்கும்னு?

கயிறு கடையில வாங்கலை. நானே பண்ணினேன். லைனிங் துணியைக் கிழிச்சு மூணு புரியா முறுக்கிப் பின்னினேன். பிடிக்கிறதுக்கு ரெண்டு முனையிலயும் நூல் தீர்ந்த கட்டையைச் செருகினேன். நடுக்கயிற்றைக் காலால மிதிச்சுக்கிட்டு நின்னா முனை ரெண்டும் கக்கத்துக்கு வரணும், அதான் ஆளுக்கேத்த அளவுன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. அதுவும் தையல் மாதிரிதான் பாருங்க, ஆளுக்கு ஆள் அளவு. அவளுக்குன்னு அளந்து பண்ணின கயிறு அது. எந்தப் புருசன் பண்ணுவான்?

சேலையோட குதிக்க முடியுமா? நைட்டியோட குதிச்சா காலைத் தட்டும். அதுக்கும் நானே சுடிதார் தச்சேன். "இந்த வயசுல எனக்கு சுடிதாரா, மருமகன் வந்தா எங்க ஒளிய"ன்னு கூச்சப்பட்டா. கடைக்குப் பின்னால வீட்டு முற்றத்துல, மண்ணுத் தரையில, காலையில வாசல் தெளிச்சு முடிச்சதும் குதிக்கச் சொன்னேன். மொத நாள் கயிறு காலுல மாட்டி விழப்போனா. ரெண்டு பேரும் சிரிச்சோம். நெசமாத்தான் சொல்றேன், சின்னப் பிள்ளையில ஆடினது ஞாபகம் வந்துருச்சு அவளுக்கு. "எங்க தெருவுலயே நான்தான் கெட்டிக்காரி, தெரியுமா"ன்னா. ரேடியோவுல ஒரு பாட்டு முடியிற வரைக்கும் ஆடுவா, உக்காருவா. எனக்கும் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு.

ஒரு பாட்டை நான்தான் ரெண்டாக்கினேன். ரெண்டை மூணாக்கினேன். ஏன்னா உடம்பு அசையலை தங்கச்சி. தீபாவளி வரைக்கும் ஒண்ணும் அசையலை.

தீபாவளி கழிஞ்சு ஆரம்பிச்சது பாருங்க! அவ ஜாக்கெட்டுல ரெண்டு பக்கமும் ஒரு தையல் உள்ள தள்ளிப் போட்டேன். பத்து நாள்ல அதுவும் தொளதொளன்னு ஆயிருச்சு. இன்னொரு தையல். ஜாக்கெட் கையைப் பிடிச்சு இறுக்கினேன், முதுகைப் பிடிச்சேன், தோளை இறக்கினேன். ராத்திரி பகலா ஊர்த் துணியைத் தைக்கிறவனுக்குப் பொண்டாட்டி ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தைக்கிறது எம்புட்டுச் சந்தோசம்னு உங்களுக்குத் தெரியாது. மிசினை மிதிக்க மிதிக்க உள்ளுக்குள்ள பாட்டுப் பாடும். மிதிக்கிறதுன்னு சொல்றேன், மோட்டார்தான்.

டேப்பு வச்சு எடுக்கலை. நான் எந்தப் பொம்பளைக்கும் டேப்பு வச்சதில்லை தங்கச்சி. எங்க முதலாளி எனக்குச் சொல்லிக் குடுத்த மொதப் பாடம் அது. அளவு ஜாக்கெட் கொண்டாரச் சொல்லு, அதை விரிச்சு வை, அதைப் பாத்து வெட்டு, ஆளை நிமிந்து பாக்காத. அதனாலதான் இந்த ஊருல எந்த வீட்டு ஆம்பளையும் பொண்டாட்டி பிள்ளைகளை நம்பி எங்கிட்ட அனுப்புறான். பழக்கம் அப்படியே ஒட்டிக்கிச்சு, சுப்புத்தாய்க்கும் அளவு ஜாக்கெட்தான். ஆணியில அவ ஜாக்கெட் தொங்கும். அதைப் பாத்தாப் போதும், அவ உடம்பு எனக்குத் தெரியும்.

அப்புறம் ஊரு பேச ஆரம்பிச்சது. "என்ன டெய்லரே, வீட்டுல என்ன மாயம் பண்ணினீங்க?" வர்றவங்களுக்கெல்லாம் முற்றத்தைக் காட்டினேன், கயிற்றைக் காட்டினேன். தைக்கக் குடுக்கிறவங்களுக்கெல்லாம் ஒரு கயிறு பின்னிக் குடுத்தேன், சும்மாவே. சுப்புத்தாயை எந்திரிச்சு நிக்கச் சொல்லி ஒரு சுத்து சுத்திக் காட்டச் சொல்லுவேன். காட்டுவா. உங்க கடைக்குப் போன நாலு பேரு திரும்பி வந்தாங்க, அதை மறைக்க மாட்டேன். உங்க பொம்மை அங்கிட்டு நின்னு எங்களையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. தலை இல்லைன்னாலும் பாத்துச்சு.

ஆனா பாருங்க, அவ ஒத்துழைக்கலை. அதைச் சொல்லணும்ல. இளைக்க இளைக்க அவளுக்குப் பசி கூடிப்போச்சு. முன்னெல்லாம் தின்னாத சோத்தைத் தின்னா. தின்னு கையைக் கழுவுறதுக்குள்ள மறுபடி பசிக்குதும்பா. இம்புட்டுப் பாடுபட்டு இறக்கின உடம்பு, தின்னு ஏத்திக்கிட்டா? சாயந்தரம் சோறு வேண்டாம்னேன். சரின்னா. ஒரு நாள் பட்டன் எடுக்க டப்பாவைத் திறந்தா உள்ள பொரிகடலை. பட்டனுக்கு அடியில மறைச்சு வச்சிருக்கா, கஸ்டமர் வீட்டுத் துணிக்கு வைக்கிற பட்டன்! நான் அடிக்கிறவன் இல்லை தங்கச்சி, கைநீட்டினது கிடையாது. கேட்டேன், அம்புட்டுத்தான். "ஏன் இந்தத் திருட்டுத்தனம், எங்கிட்டச் சொன்னா குடுக்க மாட்டேனா"ன்னு. அவ அந்த டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. பொரிகடலைக்கு யாராச்சும் அழுவாங்களா?

அப்புறம் கை. கொக்கி தைக்கிறதுல அவளை அடிச்சுக்கிட ஆள் கிடையாது. அது கோணலாப் போச்சு. ஒண்ணு மேலே, ஒண்ணு கீழே. ஊசியில நூல் கோக்க முடியலை, நூலை எச்சில் பண்ணிப் பண்ணிக் குத்துறா, கை நடுங்குது. "என்ன, மனசு எங்க இருக்கு"ன்னு சத்தம் போட்டேன். பிரிச்சுத் தைக்கச் சொன்னேன். பிரிச்சா, மறுபடியும் கோணல். தூங்குறதில்லை. மார்கழிக் குளிர்ல எல்லாரும் போர்வையைத் தேடுறப்ப இவ ஃபேனுக்கு அடியில உக்காந்து வேர்க்குதுங்கிறா. உடம்பு கொழுப்பைக் கரைக்கிறப்ப சூடு கிளம்பத்தானே செய்யும்? நான் அப்படித்தான் நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க.

கண்ணு ரெண்டும் பெருசாத் தெரிஞ்சது. முகம் சுருங்கினா கண்ணு பெருசாத் தெரியும்ல. "கல்யாணப் பொண்ணு கணக்கா முழிக்கிறியே"ன்னு கேலி பண்ணினேன். அவ திருப்பி ஒண்ணும் சொல்லலை. முன்னாலன்னா ஒண்ணுக்கு ரெண்டாத் தருவா.

ஒரு மத்தியானம் நான் மிசின்ல இருக்கேன். வந்து என் கையைப் பிடிச்சு அவ நெஞ்சுல வச்சா. பட்டப்பகல்ல, கடைக்குள்ள! "இங்க பாருங்க, எப்படி அடிக்குதுன்னு பாருங்க"ன்னா. கையை வெடுக்குன்னு எடுத்துட்டேன், யாராச்சும் வந்துட்டா? "குதிச்சா நெஞ்சு அடிக்கத்தான் செய்யும் தாயி, அடிச்சாத்தான் நல்லது"ன்னேன். "இன்னைக்கு நான் குதிக்கவே இல்லையே"ன்னா. ஏன் குதிக்கலைன்னு கேட்டு அன்னைக்குக் கொஞ்சம் பேச்சாயிருச்சு.

பி.டி. டீச்சர் தை பிறக்கிறதுக்கு முன்னால வந்தாங்க. அவளைப் பாத்ததும் முகம் மாறிப்போச்சு. "அண்ணே, கயிறு குதிச்சா இம்புட்டு வேகமா இளைக்க மாட்டாங்க, இது கயிறு பண்ற வேலை இல்லை. அவங்க கழுத்தைப் பாருங்க, முன்னால வீங்கியிருக்கு, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. கழுத்தை நான் பாக்காமயா இருந்தேன்? ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுற எனக்குத் தெரியாதா? முன்பக்கம் லேசாப் பூசினாப்புல இருந்துச்சு. மத்ததெல்லாம் இளைச்சும் கழுத்து எலும்பு துருத்தாம இருக்கேன்னு நான் சந்தோசப்பட்டிருந்தேன். டீச்சருக்குப் பொறாமைன்னு நெனச்சேன். அவங்க சொல்லிக் குடுத்த பயிற்சி, அவங்க ஸ்கூல்ல ஒரு பிள்ளையும் இப்படி இளைக்கலையே. கல்லடி பட்டாலும் படலாம் கண்ணடி படக் கூடாதும்பாங்க. அன்னைக்கு உப்பு மிளகாய் சுத்தி அடுப்புல போட்டேன். படபடன்னு வெடிச்சது. இன்னமும் சொல்றேன், பாதி கண்ணுதான்.

பொங்கலுக்கு நம்ம தெருவுல விளையாட்டுப் போட்டி வச்சாங்கள்ல? கோலப்போட்டி, லெமன் ஸ்பூன், மியூசிக்கல் சேர். நான்தான் போட்டி நடத்துற பசங்ககிட்டச் சொல்லி, பொம்பளைகளுக்கு ஸ்கிப்பிங்கும் வைக்க வச்சேன். அவ பேரை நானே குடுத்தேன். அன்னைக்குன்னு புதுசா ஒரு சுடிதார் தச்சிருந்தேன், இந்த இந்த இடத்துல சிக்குன்னு பிடிச்சு. என் வேலையில அதைவிட நல்ல வேலை நான் பண்ணினதில்லை. காலையில அவ, "இன்னைக்கு வேண்டாங்க, என்னமோ பண்ணுது"ன்னா. "ஒரே ஒரு பாட்டு. ஊரு பாக்கட்டும்"னேன்.

நீங்களும் அன்னைக்கு வாசல்ல நின்னீங்க. உங்களைப் பாத்துத்தான்... சரி, அதை விடுங்க. நல்லாத்தான் குதிச்சா. மத்த பொம்பளைகள்லாம் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. இவ நிக்கலை. நான் கையைத் தட்டிக்கிட்டே இருக்கேன். பாட்டு முடியலை. கயிறு கையை விட்டு எங்கிட்டோ பறந்துச்சு. சாஞ்சிட்டா. மொதல்ல ஓடி வந்து அவ தலையைத் தூக்கினது நீங்க. அதுக்கு நான் இன்னைக்கு வரைக்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லணும்னு நெனப்பேன், வாய் வரலை.

பெரியாஸ்பத்திரியில டாக்டரம்மா அவ கையைப் பிடிச்சுப் பாத்தாங்க, கண்ணைப் பாத்தாங்க, கழுத்தைத் தடவிப் பாத்தாங்க. ரத்தம் எடுத்து, நெஞ்சுக்கு வயர் வச்சு, என்னென்னமோ பண்ணிட்டு, தைராய்டுன்னாங்க. நான் சும்மா இருக்கலை, சொன்னேன், "தைராய்டு வந்தா குண்டாத்தானே ஆவாங்க, எங்க மதினி அப்படித்தான் ஊதிப்போயிட்டாங்க." "அது சுரக்காத தைராய்டு, இது அளவுக்கு மேல சுரக்கிற தைராய்டு. இது ஆளை உருக்கும், கையை நடுங்க வைக்கும், தூங்க விடாது, நெஞ்சைத் தாறுமாறா அடிக்க வைக்கும்"னாங்க. நான் சொன்னேன், "இல்லம்மா, அவ ஸ்கிப்பிங் ஆடினா, அதான் இளைச்சா." டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "இந்த நெஞ்சோட குதிச்சாங்களா? குதிக்க விட்டீங்களா?"ன்னாங்க. குதிக்க விட்டேனாம்! நானா அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டேன்? அவகிட்ட வாய் இல்லையா, சொல்ல வேண்டியதுதானே உடம்பு சரியில்லைன்னு? இந்தக் கேள்வியை யாரும் அவகிட்டக் கேக்கலை. எல்லாரும் எங்கிட்டத்தான் கேக்குறாங்க. மக போன்ல அழுகுறா. டீச்சர் எங்க கடைப்பக்கம் திரும்பிப் பாக்கிறதில்லை.

கயிறு நல்ல கயிறுதான் தங்கச்சி. பயிற்சியும் நல்ல பயிற்சிதான். எத்தனையோ பேருக்கு நல்லது பண்ணுது. எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கலை.

வீட்டுக்கு வந்தா. மாத்திரை திங்கிறா. டாக்டரம்மா கிளம்புறப்ப எங்கிட்டச் சொன்ன ஒரே ஒரு வார்த்தை, "போன எடை திரும்ப வந்தாத்தான் மாத்திரை கேக்குதுன்னு அர்த்தம். வரலைன்னா வேற முடிவு எடுக்கணும், நெஞ்சு ரொம்ப நாள் தாங்காது." அன்னைக்கிலருந்து எனக்கு வேற நெனப்பே கிடையாது. பாருங்க, இளைக்கணும் இளைக்கணும்னு கிடந்தவன், இப்ப அவ சதை போடணும்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டுக் கிடக்கேன். கேட்டா சிரிப்பீங்க.

அவ சோறாக்குறா, பாத்திரம் கழுவுறா. "சாப்பிட வாங்க", "பால் தீந்துருச்சு". அதுக்கு மேல பேச்சில்லை. கடை வாசல்ல வந்து உக்கார்றதில்லை. டாக்டர்கிட்ட டீச்சரோட போயிட்டு வர்றா, இன்னைக்கும் அங்கதான் போயிருக்கா. என்ன சொன்னாங்கன்னு கேட்டா, "சொன்னாங்க"ங்கிறா. கண்ணால பாத்தாத் தெரியாதான்னு கேப்பீங்க. எப்பவும் தொளதொளன்னு ஒரு நைட்டி, மேல ஒரு துண்டு. பக்கத்துலயே இருக்கிறவங்களைக் கண்ணால பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது தங்கச்சி.

ஆணியில கிடந்த அளவு ஜாக்கெட்டைக் காணோம். எடுத்து எங்கயோ போட்டுட்டா. எனக்கு வேற வழி தெரியலை. என் வாழ்நாள்ல மொதமொறையா டேப்பை எடுத்துக்கிட்டு அவ முன்னால போய் நின்னேன். "கொஞ்சம் கையைத் தூக்கு தாயி, எம்புட்டு ஏறியிருக்குன்னு பாத்துக்கிடறேன்"னேன். அவ என்னையே பாத்தா. கண்ணு இன்னும் முழுசா உள்ள போகலை. "எப்படி இருக்கேன்னு கேக்க உங்களுக்கு வாய் வராது, இல்ல?"ன்னா. கையைத் தூக்கலை. அதுக்கு மூணாம் நாள்தான் துணியை எடுத்துக்கிட்டு இங்க வந்தா.

நான் வேறென்ன கேட்டேன்? அதைத்தானே கேட்டேன்! எம்புட்டு ஏறியிருக்குன்னா எப்படி இருக்கேன்னுதானே அர்த்தம்? டெய்லர் வேற எப்படிக் கேப்பான்? நீங்களும் டெய்லர்தானே, சொல்லுங்க.

என்ன தங்கச்சி, எந்திரிக்கிறீங்க? எதை எடுக்குறீங்க? ஓ. தச்சு முடிச்சாச்சா? மாம்பழக் கலரா? இந்தக் கலரை எப்ப எடுத்தா? குடுங்க. இல்லை, கை சுத்தமாத்தான் இருக்கு, அழுக்காக்க மாட்டேன். இப்படி மடியில விரிச்சு வச்சுப் பாத்துக்கிடறேன்.

ம்.

இடுப்பு கூடியிருக்கு. மாரும் கூடியிருக்கு. கையும்தான். பழைய உடம்பு இன்னும் வரலை, ஆனா பாதி வழி வந்துட்டா. வந்துட்டா தங்கச்சி! இருங்க, கண்ணைத் துடைச்சுக்கிடறேன், துணியில விழுந்துரும்.

இதென்ன, உள்ளுக்குள்ள இம்புட்டுத் துணி மடிச்சு விட்டிருக்கீங்க? பிரிச்சுப் பெருசாக்க விடுறதுன்னாலும் ஒரு அளவு இல்லையா? நாலு விரல் கனத்துக்கு மடிச்சுக் கிடக்கு. பாக்கிறவங்க தொழில் தெரியாதவங்க தச்சதும்பாங்க. அவளே விடச் சொன்னாளா? என்ன சொன்னா? "இன்னும் பெருப்பேன்க்கா, தாராளமா விடுங்க"ன்னாளா? சிரிச்சுக்கிட்டுச் சொன்னாளா?

சிரிச்சாளா!

வேற? என்னைப் பத்தி எதுவும் சொன்னாளா? சும்மா, பேச்சுவாக்குல? ஒண்ணும் சொல்லலையா. சரி. சரி, இருக்கட்டும்.

ஆனா தொழில்காரன் பாத்துட்டுச் சொல்லாமப் போகக் கூடாது. கைக்குழி ரொம்ப லூசு தங்கச்சி. கக்கத்துல மடிஞ்சு நிக்கும், பாக்க நல்லா இருக்காது. முதுகும் பிடிக்கவே இல்லை. நானா இருந்தா இங்க ஒரு பிடி, இங்க ஒரு பிடி பிடிச்சிருப்பேன். என்ன? இதுவும் அவ கேட்டதா? எப்படிக் கேட்டா? "எங்கயும் பிடிக்காமத் தச்சுக் குடுங்க, மூச்சு விடணும்"னா?

எங்கிட்ட ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லையே. ஒரு நாளும் கேட்டதில்லை தங்கச்சி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் தச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?